போர்வை பட்டால் உதைக்கும் கால்

அந்தக் கால் முதன்முதலாக என்னை உதைத்தபோது நான் பயப்படவில்லை. சந்தோஷத்தில் ஓவென்று அழுதேன். பயப்பட வேண்டிய இடத்தில் அழுது, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, ஒரு உயிரை எமன் வாசல்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பியவள் நான்.

உதைத்தது என் வீட்டுக்காரருடைய வலது கால். தி. நகரில் அவருக்கு ஒரு மேட்சிங் கடை. புடவையைக் கொண்டுபோய் நீட்டினால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுப்பார்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு நாள், பரண்மேல் இருந்த துணிக்கட்டை இறக்க அவரே ஏணியில் ஏறினார். கடையில் ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் உள்ள வித்தியாசம் தன்னைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற மிதப்பு. ஏணி வழுக்கி, கீழே கிடந்த இரும்பு மேசையின் விளிம்பில் முதுகு மோத விழுந்தார். நடு முதுகில் எலும்பு உடைந்து உள்ளே தண்டு நசுங்கிவிட்டது. அதன்பிறகு தொப்புளுக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது.

ஆபரேஷன் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து அபிராமபுரத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாடகை வீடுதான், ஆனால் கீழ்த்தளம், சக்கர நாற்காலி நுழையும். முன் அறையில் காற்று மெத்தை போட்ட கட்டில். புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மூத்திரத்துக்கு டியூப். எனக்கு முன்கோபம் அதிகம், என் வாய்க்குப் பயந்து காய்கறி வண்டிக்காரர்கூட எடையைச் சரியாகப் போடுவார். அப்படிப்பட்டவள் அந்த நாட்களில் யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. சத்தம் போட்டால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

அப்படி ஒரு காலையில்தான், உடம்பு துடைக்கலாம் என்று போர்வையை உருவினேன். வலது கால் முழங்காலில் மடங்கி, விருட்டென்று நீண்டு, என் விலாவில் ஓர் உதை விட்டது. கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணம் கீழே போய் உருண்டது.

"ஏங்க! கால்! காலை ஆட்டினீங்க!"

அவர் தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷமா பயமா என்று எனக்கு விளங்கவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலியே" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே."

தெரியாவிட்டால் என்ன, ஆடியதே! உடனே மதினிக்குப் போன் போட்டேன். மதினி என்றால் அவருடைய அக்கா. தி. நகரில் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. சென்னைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சு கொஞ்சமும் தேயவில்லை. ஆட்டோ பிடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, போர்வை நுனியால் தம்பியின் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். கால் துள்ளியது.

"ஏட்டி! ஆடுதுல்லா! நான் சொன்னேம்லா, எங்க அம்மன் கைவிடமாட்டான்னு!"

அங்கேயே நின்றபடி கைபேசியில் வீடியோப் படம் பிடித்து சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். ஊர் அம்மனுக்கு வெள்ளியில் கால் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டு, அன்று சாயங்காலமே மயிலாப்பூரில் ஒரு வெள்ளிக் கடையில் விரல் நீளத்துக்கு ஒரு கால் வாங்கி, எங்கள் சாமி அலமாரியில் வைத்து, விளக்கேற்றிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் பிசியோதெரபி தம்பி வந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர். வாரத்தில் மூன்று நாள் பைக்கில் வந்து காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பார். நான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, இத்தப் பாத்துட்டு சந்தோசப்படாதக்கா. இது நைனா ஆட்றது இல்ல. முதுகுத்தண்டு இருக்குதுல்ல, அது தானா அடிச்சிக்கினு கீது. போர்வ பட்டா கூட உதைக்கும். மேலேர்ந்து அடக்குறதுக்கு ஆள் இல்ல, அவ்ளோதான். டாக்டராண்ட சொல்லு, மாத்திர குடுப்பாரு."

நான் மதினியிடம் சொன்னேன். "அவன் என்ன டாக்டரா? கால் ஆடுதுன்னா ஆடுது. கண்ணு முன்னாடி ஆடுது, அதுக்கு ஒரு வியாக்கியானம்!" என்றார். எனக்கும் அந்தப் பேச்சுதான் பிடித்திருந்தது. நாம் விரும்புகிறதைச் சொல்கிறவர் வாயில் சர்க்கரை போடத்தானே தோன்றும்.

ஆனால் தம்பி சொன்னதுதான் நடந்தது. ஒரே மாதத்தில் கால்கள் பேயாட்டம் ஆட ஆரம்பித்தன. இரண்டு காலும் வயிற்றோடு மடங்கினால் நாலு பேர் சேர்ந்தாலும் நீட்ட முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு வில்லாக விறைத்து அவரைக் கீழே தள்ளியது. படுக்கையில் உரசி உரசிக் குதிகாலில் தோல் உரிந்தது. ஒரு தடவை டியூபையே இழுத்துவிட்டு ரத்தம் வந்தது. அவருக்கு வலிக்கவில்லை, அதுதான் கொடுமை. தன் உடம்பில் நடப்பதைப் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

நரம்பு டாக்டர் பாக்லோஃபென் என்று ஒரு மாத்திரை எழுதினார். மூன்று வேளை. போதாமல் அளவைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார். சின்ன, வெள்ளை மாத்திரை. "இத நீங்களா நிறுத்தக் கூடாதும்மா" என்று அழுத்திச் சொன்னார். எல்லா டாக்டரும் எல்லா மாத்திரைக்கும் சொல்வதுதானே என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இரண்டு வாரத்தில் கால்கள் அடங்கிவிட்டன. போர்வையை உருவினால் சும்மா கிடந்தன. அவர் பல மாதத்துக்குப் பிறகு தொடர்ந்து தூங்கினார். இப்படி ஐந்தாறு மாதம் ஓடியது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவள் நான். இருக்கவில்லை. அந்தக் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே யோசனை. ஆடிக்கொண்டிருந்த காலை மாத்திரை கொடுத்து மரமாக்கிவிட்டேனோ? மதினி வந்து காலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "உயிரு வந்துக்கிட்டு இருந்த காலு. மாத்திர கட்டிப் போட்டுட்டுட்டி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிறுத்து என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழியை அவர்மேல் போட மாட்டேன். நினைத்ததும் நான், செய்ததும் நான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஊரிலிருந்து சித்தப்பா, சித்தி, மச்சினன்மார் என்று எட்டுப் பேர் வருகிறார்கள். கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, படத்தில் பார்த்த கால் நேரில் ஆடுவதைப் பார்க்கப் போகிறார்கள் என்று மதினி சொன்னார். படத்தில் துள்ளிய கால் இங்கே கட்டை மாதிரிக் கிடக்கிறது. வந்தவர்கள் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் முன்னால் இவர் முகம் எப்படிப் போகும்? இதை நினைத்து நினைத்து, நாலு நாள் அந்த மாத்திரை இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

என் சளிக்காக ஹோமியோபதிக் கடையில் வாங்கிய பயோகெமிக் மாத்திரை ஒரு புட்டி வீட்டில் இருந்தது. அதுவும் சின்னது, வெள்ளை, வட்டம். வியாழக்கிழமை ராத்திரி வேளையிலிருந்து அதைக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் மாத்திரையை நான் உள்ளங்கையில் வைப்பேன், அவர் என்ன ஏது என்று கேட்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். சர்க்கரை மாத்திரை, சத்து மாத்திரை, எல்லாம் அப்படித்தான். அன்றும் அப்படியே விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலது கட்டைவிரல் லேசாகத் துடித்தது. எனக்கு உள்ளே குறுகுறுவென்று ஒரு சந்தோஷம். பார்த்தாயா, மாத்திரைதான் கட்டிப்போட்டிருந்தது! சனிக்கிழமை மத்தியானம் போர்வையைத் தொட்டதும் கால் துள்ளியது. அவரும் பார்த்தார்.

ஆனால் சனிக்கிழமை பொழுது சாயும்போது எனக்கு முதல் பயம் வந்தது. போர்வையைத் தொடவே இல்லை. மேலே மின்விசிறி சுற்றிய காற்று பட்டதற்கே இரண்டு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. விசிறியை அணைத்தேன். நின்றது. போட்டேன். இழுத்தது. அவர் கையையும் கழுத்தையும் பறட் பறட்டென்று சொறிந்துகொண்டே இருந்தார். "எறும்பு ஏறுது, பாரு" என்றார். மெத்தையைத் தட்டிப் பார்த்தேன், ஒரு எறும்பும் இல்லை. அப்போதே அந்த அட்டையைப் பிரித்து உண்மையான மாத்திரையைக் கொடுத்திருக்க வேண்டும். நாளை ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன். அந்த ஒரு நாளை நினைத்து இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் எட்டுப் பேரும் பட்டுப் புடவையும் வேட்டியுமாக, கையில் தாம்பூலப் பையோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர் முகம் சிவந்திருந்தது. கூட்டத்தின் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மதினி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போர்வையை மெல்ல உருவினார்.

கால் எகிறியது. சித்தி "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மச்சினன் ஒருத்தர் கைதட்டியே விட்டார். "அடுத்த வருசம் ஊர் அம்மன் கொடைக்கு நடந்தே வந்துருவாரு பாருங்க!" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கால் நிற்கவில்லை.

வலது கால் நிற்பதற்குள் இடது கால். இரண்டும் சேர்ந்து வயிற்றுக்கு மடங்கின, நீண்டன, மடங்கின. கட்டில் சுவரில் இடித்தது. வயிறு பலகையாக இறுகியது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். அவர் கண்கள் எங்கள் தலைக்கு மேலே எதையோ பார்த்தன. "கட்டு விழுது! தள்ளுங்க, கட்டு விழுது! பிள்ளைங்க நிக்கிது கீழ!" என்று கத்தினார். எங்கள் வீட்டில் பரணும் கிடையாது, கீழே நிற்கப் பிள்ளைகளும் இல்லை. ஓடிப்போய் நெற்றியில் கை வைத்தேன். தோசைக்கல்லாகக் கொதித்தது. அவர் என்னைப் பார்த்து, "இந்த அம்மாவுக்கு என்ன கலர் வேணும்னு கேளுப்பா" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் என்னை யாரோ என்று பார்க்கிறார். அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும், இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். தொண்டைவரை வந்தது. வாய் திறக்கவில்லை.

சமையலறைக்கு ஓடி அட்டையிலிருந்து மாத்திரையை எடுத்துவந்தேன். பல் கிட்டித்திருந்தது, விரலை நுழைக்க முடியவில்லை. அதற்குள் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். மந்தைவெளிப் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட இடத்தில் வண்டி ஊர்ந்தது. சைரன் அலறுகிறது, முன்னால் இருக்கிற வண்டிக்கு ஒதுங்க இடமில்லை. வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அவர் உடம்பு பாலமாக வளைந்தது. அடையாறு பாலத்தில் ஏறியபோது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். என் இன்னொரு கை, கைப்பையில் அந்த மாத்திரை அட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். இருபத்தைந்து வயசுதான் இருக்கும். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டே படபடவென்று கேள்வி கேட்டார். மூத்திர டியூப் எப்போது மாற்றியது? புண் இருக்கிறதா? இப்படிப்பட்டவர்களுக்கு மூத்திரத்தில் கிருமி வந்தால் இறுக்கம் அதிகமாகும், காய்ச்சல் வரும் என்றார். பிறகு, "மாத்திரை எல்லாம் ஒழுங்கா போகுதா? எதையாவது நிறுத்தினீங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டார். "எங்க தம்பி பொஞ்சாதி அதுல கடியாரம் டாக்டரம்மா. ஒரு வேள தவறமாட்டா. அவ இல்லேன்னா இவன் என்னைக்கோ போயிருப்பான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டால் பதில் என்ன சொல்ல? பின்னால் பட்டுப் புடவைகளோடு சொந்தமே நின்றது. கட்டின புருஷனுக்குப் பொய் மாத்திரை கொடுத்தவள் என்ற பேர் வந்தால் அப்புறம் நான் எந்த முகத்தோடு நடமாடுவது? இது நிஜமாகவே கிருமியாக இருக்கலாம், ஊசி போட்டால் சரியாகிவிடும், ஒருவருக்கும் தெரியவேண்டாம். கோழைக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை, ஏறியது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கட்டில் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

திடீரென்று அந்தச் சத்தம் மாறியது. நர்ஸ் ஓடினார். திரையை விலக்கிப் பார்த்தேன். கால் மட்டுமில்லை, கை, கழுத்து, முகம் எல்லாம் வெட்டி இழுத்தன. கண் மேலே செருகி வாயோரம் நுரை. வலிப்பு. கால் ஆடுவதைப் பார்க்க ஆசைப்பட்டேனே, முழு உடம்பும் ஆடியது.

நான் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "மாத்திரை நிறுத்திட்டேன்! நான்தான் நிறுத்தினேன்! வியாழக்கிழமையிலிருந்து பொய் மாத்திரை கொடுத்தேன்!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

டாக்டர் அட்டையை ஒரு பார்வை பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எத்தனை வேளை போகல?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அடுத்த நிமிஷம் அங்கே எல்லாமே வேறு மாதிரி நடந்தது. வலிப்புக்கு ஊசி, மூக்கு வழியாகக் குழாய், அந்த மாத்திரையையே பொடித்துக் கரைத்து அதன் வழியாக உள்ளே. அப்படியே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

திரும்பினேன். மதினி தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். "பாவி... பாவி..." என்று என்னைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா தெரியாது. மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிழைத்துவிடவேண்டும், பிழைத்துவிடவேண்டும், அது ஒன்றுதான் ஓடியது. இந்த மனுஷன் நடக்கவேண்டாம், உட்காரக்கூட வேண்டாம், மூச்சோடு கிடந்தால் போதும். எந்தச் சாமியிடம் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

திங்கள்கிழமை முழுக்க அப்படியும் இப்படியுமாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இறங்கியது. அன்று அந்தப் பெண் டாக்டர் வெளியே நாற்காலியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக, "அந்த மாத்திரை என்ன பண்ணுதுன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"முதுகுத்தண்டு வெறும் ஒயர்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அங்கயும் வேலை நடக்குதும்மா" என்று ஆரம்பித்தார். போர்வை, காற்று, வேட்டி மடிப்பு, ஈ என்று காலின் தோலிலிருந்து ஓயாமல் சேதி தண்டுக்கு வந்துகொண்டே இருக்குமாம். வந்த சேதி எல்லாம் தசைக்குப் பாய்ந்தால் மனிதன் ஓரிடத்தில் நிற்க முடியாது, உட்கார முடியாது. அதனால் "போதும், நில்லு" என்று சொல்வதற்கென்றே தண்டுக்குள் சில நரம்புகள் இருக்கின்றன. அவை வாயால் சொல்ல முடியுமா? ஒரு துளி ரசாயனத்தை விட்டுச் சொல்லும். காபா என்று ஒன்று, கிளைசின் என்று ஒன்று. அந்த நரம்புகளைச் சரியாக வேலை வாங்குவது மேலே இருக்கிற மூளை. நடுவில் தண்டு நசுங்கிப்போனால் மேலிருந்து உத்தரவு இறங்குவதில்லை. நில்லு என்று சொல்லும் குரல் கம்மிப்போகிறது. போர்வை பட்டாலும் போதும், உதைதான்.

எனக்கு எங்கள் கடைத் தெருதான் நினைவுக்கு வந்தது. ஆடித் தள்ளுபடியன்று பெரிய கடைகளில் வாசலில் கயிறு கட்டி ஒரு ஆள் நிற்பார். பத்துப் பத்துப் பேராகத்தான் உள்ளே விடுவார். அவர் இல்லாவிட்டால் நெரிசலில் மிதிபட்டுச் சாக வேண்டியதுதான். இதைச் சொன்னேன்.

"அதேதான்" என்றார் டாக்டர். "காபா செய்யற வேலையை அந்த மாத்திரை செஞ்சுது. அந்த ஆள் ரொம்ப நாளா கயிறு பிடிச்சதால, உடம்பு அதை நம்பியே இருக்கப் பழகிடுச்சு. நீங்க அவரை ஒரே நாள்ல போகச் சொல்லிட்டீங்க. நெரிசல் காலோட நிக்கல, மூளை வரைக்கும் போயிடுச்சு." குறைக்க வேண்டுமென்றால் பல வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நான் கேட்டேன்: "அப்ப அந்தக் கால் ஆடினது..."

"போர்வை பட்டது தோலுக்குத் தெரியும், தண்டுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பதில் சொன்னதும் தண்டுதான். அவர் இல்ல."

அந்த ஒரு வாக்கியம் வலிப்பைவிட என்னைப் பயமுறுத்தியது. பத்து மாதமாக நான் துடைத்து, எண்ணெய் தேய்த்து, கொஞ்சிக்கொண்டிருந்தேனே அந்தக் காலை? தொட்டால் தெரிந்துகொள்ளும், திருப்பி உதைக்கும், ஆனால் அதற்குள் அவர் இல்லை. மதினி வீட்டிலிருந்து இட்லி கட்டி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை, பொட்டலத்தை மட்டும் மடியில் வைத்தார். பிரிக்காமல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை அவரை வார்டுக்கு மாற்றினார்கள். முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது. கால்கள் போர்வைக்குள் அசையாமல் கிடந்தன. பக்கத்துக் கட்டில்காரரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் சாகும்வரை சொல்லமாட்டேன் என்று தோன்றியது. சொன்னேன். போன வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து ஒன்று விடாமல், டாக்டரிடம் பொய்யாகத் தலையாட்டினதுவரை. கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"மதினி சொன்னாங்களா?"

"அக்கா ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரியே தெரியும். அந்த மாத்திரை கசக்கும். நீ குடுத்தது தொண்டைக்குள்ள போறதுக்குள்ள இனிச்சுட்டு."

மூன்று நாள். இரண்டு பேருக்கும் தெரிந்து, ஒருத்தருக்கொருத்தர் தெரியாததுபோல விழுங்கியிருக்கிறோம். நான் ஒருத்திதான் அவரைக் கொல்லப் பார்த்தேன் என்று நினைத்தேனே, இவரும் கூட நின்றிருக்கிறார்.

"தெரிஞ்சுதா? தெரிஞ்சு ஏங்க பேசாம இருந்தீங்க? மாத்திரை எங்கடின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே! செத்துப் போயிருப்பீங்களே, படுபாவி மனுஷா!" கத்திவிட்டேன். வாசலில் போன நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போர்வையைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நல்லா ஆடுச்சா?" என்று கேட்டார்.

"ஆடுச்சுங்க" என்றேன். ஆனால் இனிமேல் இந்த மனுஷனிடம் பொய் சொல்வதில்லை என்று அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோதே முடிவு செய்திருந்தேன். "ஆனா ஆட்டினது நீங்க இல்ல. டாக்டர் சொல்லிட்டாங்க. அது முதுகுத்தண்டு தானா ஆட்டினதாம். உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம்."

அவர் கையை நீட்டி, போர்வைக்கு மேலாகத் தன் தொடையைத் தொட்டுப் பார்த்தார்.

"அது எனக்கும் தெரியும்ட்டி. ஆனா கால் என்னுதுதான?"